ஈட்டலும் ஈதலும்: சமூகத் தொழில் நிறுவனங்கள் குறித்து வாசகர் கேள்வி – பதில்

சமூகத் தொழில் நிறுவனங்கள் குறித்துச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளைப் பற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பாராட்டைவிட ஐயமே கடிதங்களில் மிகுந்திருந்தது, அது நல்லதே.

கேள்வி: தொண்டு நிறுவனமும் வணிக நிறுவனமும் ஏற்கெனவே இருக்கும்போது, சமூகத் தொழில் நிறுவனம் என்று தனியாக ஒன்று எதற்கு? பெரிய நிறுவனங்கள் செய்யும் சமூகப் பொறுப்புப் பணிகளும் இதுவும் ஒன்றுதானா? – பொருளாதாரம் படிக்கும் மாணவி

பதில்: ஏதேனும் ஒரு பொருளையோ சேவையையோ விற்று, பெரும்பாலும் அந்த வருவாயிலேயே காலூன்றி நின்று, ஒரு சமூகக் குறையையோ சுற்றுச்சூழல் கேட்டையோ நேரடியாகத் தீர்க்க முற்படுவது சமூகத் தொழில் நிறுவனம். நன்கொடை வற்றினால் தொண்டு நிறுவனத்தின் பணி நின்றுவிடுகிறது. லாபம் குறைந்தால் வணிக நிறுவனம் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, ஓரளவு பணம் கொடுக்கக்கூடிய, ஆனால் சந்தை பொருட்படுத்தாத மக்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். இந்த நிறுவனங்கள் பிறந்தது அவர்களுக்காகத்தான்.

இது புதிய சிந்தனையும் அன்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-இல் நெசவாளர்களும் கைவினைஞர்களுமாக 28 பேர் சேர்ந்து, கலப்படமில்லாத பொருளைச் சரியான எடையில் விற்க ஒரு கடையைத் திறந்தார்கள். உபரியை, அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்ப உறுப்பினர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். உலகெங்கும் உள்ள கூட்டுறவு இயக்கம் தன் முன்னோடியாகக் கொள்வது இந்தக் கடையைத்தான்.

பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பணி வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே தொழில் ஒரு பக்கம் தன் போக்கில் நடக்கிறது, அதில் கிடைத்த லாபத்தின் ஒரு சிறு பகுதி இன்னொரு பக்கம் செலவாகிறது. ஆற்றில் கழிவைக் கலக்கும் ஆலை ஆற்றங்கரையில் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தாலும் அந்த ஆலையின் தொழில் மாறிவிடுவதில்லை. சமூகத் தொழில் நிறுவனத்தில் தொழிலே அந்தப் பணியாக இருக்க வேண்டும். ஒரு நிறுவனம் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய அதன் விளம்பரத்தைப் படிப்பதில் பயனில்லை. வருமானமும் நோக்கமும் மோதிக்கொள்ளும் நாளில் முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, உபரி எங்கே போகிறது என்ற இரண்டையும் கேட்டுப் பாருங்கள். கீழே வரும் கேள்விகள் பலவற்றுக்கும் நான் இந்த இடத்தில் நின்றுதான் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: "அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி" என்று எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் விலை வைத்து விற்கும் எந்த நிறுவனமும், அந்த விலையைக் கொடுக்க முடியாதவரை வெளியே நிறுத்தத்தானே செய்யும்? பிறகு அது எப்படி எல்லோரையும் உள்ளடக்கும்? – சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பு ஒன்றின் செயலாளர்

பதில்: வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இது. இதற்கு மழுப்பலான பதில்களே வழக்கமாகக் கிடைக்கின்றன.

விலை மிகச் சிறியதாக இருந்தாலும் அது ஒரு வேலிதான். கென்யாவில் கர்ப்பிணிகளுக்கான மருத்துவ நிலையங்களில் மருந்து தோய்த்த கொசுவலைகளை வைத்து ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா என்னும் இரு பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தி, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். சில நிலையங்களில் வலை இலவசம். சிலவற்றில் மானியம் போக ஒரு சிறு விலை. அடக்கவிலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டும் கேட்டபோதே, வலையைப் பெற்றுச் சென்றவர்களின் விகிதம் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்களே பொருளை மதித்துப் பயன்படுத்துவார்கள் என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும் வாதமும் அங்கே எடுபடவில்லை. இலவசமாகப் பெற்றவர்களும் அதே அளவில் வலையைக் கட்டிப் படுத்தார்கள். நோயைத் தடுக்கும் பொருள்களில், ஒருவர் பயன்படுத்தினால் அக்கம்பக்கத்தவருக்கும் நன்மை என்ற நிலை இருக்கும்போது, விலை வைக்காமல் இருப்பதே சரியான உத்தி என்று சொல்லிவிடலாம்.

அப்படியானால் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை உலகெங்கும் மேலாண்மை வகுப்புகளில் பாடமாக வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். அங்கே வசதி உள்ளவர் கட்டணம் செலுத்துகிறார். வசதி குறைந்தவர் சிறு தொகை செலுத்துகிறார், அல்லது எதுவும் செலுத்துவதில்லை. அறை வசதியில் வேறுபாடு உண்டு. அறுவை செய்யும் மருத்துவர்கள் இரு தரப்புக்கும் பொது. இது மனிதாபிமானத்தால் மட்டும் நடந்துவிடவில்லை. அறுவை அரங்கில் மருத்துவர் ஒரு மேசையில் அறுவையை முடிக்கும்போது பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி முழுவதும் ஆயத்தமாக இருப்பார். நுண்ணோக்கியைத் திருப்பினால் அடுத்த அறுவை தொடங்கிவிடும். பார்வைப் பரிசோதனை, அளவெடுத்தல், ஆயத்தப்படுத்தல் போன்ற வேலைகளைக் கிராமப்புறங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கப்பட்ட இளம்பெண்கள் செய்கிறார்கள். இதனால் ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் செய்யும் அறுவைகளின் எண்ணிக்கை பல மடங்காகிறது, ஒவ்வொன்றின் அடக்கச் செலவும் இறங்குகிறது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளை இறக்குமதி செய்ய வேண்டியிருந்த காலத்தில், 1992-இல் அரோலேப் என்ற உற்பத்திப் பிரிவைத் தொடங்கி, இறக்குமதி விலையில் மிகச் சிறு பங்குக்கு அவற்றைத் தயாரித்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் விடுபட்டவர்கள் இருந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. கிராமங்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின்படி, கண் குறைபாடு உள்ளவர்களில் சுமார் 7 விழுக்காட்டினர் மட்டுமே இலவச முகாம்களுக்கு வந்திருந்தார்கள். சிகிச்சை இலவசம், ஆனால் பேருந்துச் செலவு இலவசமில்லை, துணைக்கு வருபவர் இழக்கும் கூலியை ஈடுசெய்ய யாருமில்லை, வீட்டில் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பின்னர் ஊர்களுக்கு அருகிலேயே சிறு பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. அந்த மையத்தில் இருக்கும் பணியாளர் பரிசோதித்த விவரங்களைத் தொலைவில் இருக்கும் மருத்துவர் இணையம் வழியே பார்த்து ஆலோசனை சொல்கிறார்.

ஆகவே உங்கள் கூட்டமைப்பு ஏதேனும் ஒரு சேவையைத் தொடங்கினால், வந்தவர்களின் பதிவேட்டோடு வராதவர்களின் பட்டியல் ஒன்றையும் வைத்திருங்கள். எந்தத் தெரு, எந்தக் குடியிருப்பு, எந்த வயதினர் அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். உள்ளடக்கிய வளர்ச்சி என்பதற்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: லாபம் ஈட்டுவது தவறா? நட்டம் வந்தால் இந்த நிறுவனங்கள் என்ன செய்யும்? – சிறுதொழில் நடத்துபவர்

பதில்: லாபம் தவறில்லை. லாபமே இல்லாத நிறுவனம் அடுத்த ஆண்டு யாருக்கும் உதவ முடியாது. நட்டம் வந்தால் மற்ற எந்த நிறுவனத்தையும் போல மூட வேண்டியும் வரலாம். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956 முதல் வளர்ந்த மான்ட்ரகோன் தொழிலாளர் கூட்டுறவுக் குழுமத்தில், வீட்டு உபயோகக் கருவிகள் செய்த ஃபாகோர் என்ற நிறுவனம் 2013-இல் திவாலானது. ஆனால் குழுமத்தின் மற்ற கூட்டுறவுகள் அங்கிருந்த உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு வேலையோ முன்கூட்டிய ஓய்வோ ஏற்பாடு செய்தன. நட்டத்தைத் தவிர்க்க முடியாமல் போகலாம். அது யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே திட்டமிட முடியும்.

கேள்வி: ஏழைகளுக்குச் சிறு தொகையாகக் கொடுக்கும் நுண்கடன் ஒரு காலத்தில் வறுமைக்கு மருந்து என்று கொண்டாடப்பட்டது, பிறகு அதுவே கந்துவட்டியின் மறுபெயர் என்று தூற்றப்பட்டது. நாற்பது ஆண்டுக்குள் எங்கே தடம் புரண்டது? – ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி

பதில்: தாங்கள் வங்கியில் இருந்தவர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். வங்காளதேசத்தில் முகமது யூனுஸ் 1976-இல் ஜோப்ரா என்ற கிராமத்தில் 42 பேருக்குச் சேர்த்துக் கொடுத்த முதல் கடன் 27 டாலர். 1983-இல் அது கிராமீன் வங்கியாகச் சட்டப்படி உருவெடுத்தது. 2006-இல் அவருக்கும் வங்கிக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த வங்கியின் பெரும்பான்மைப் பங்குகள் கடன் பெற்றவர்களிடமே இருந்தன. வட்டி உயர்ந்தால் அதைக் கட்டுபவரும் அவர்கள்தாம், உபரி வந்தால் அதற்கு உரியவரும் அவர்கள்தாம். இந்த ஏற்பாடு பலரது கவனத்தில் படவில்லை. குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்து, வாரந்தோறும் வசூலிக்கும் முறையை மட்டும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உரிமை அமைப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

மெக்சிகோவில் தொண்டு அமைப்பாகத் தொடங்கிய கம்பார்தாமோஸ் 2007-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அப்போது அது ஏழைப் பெண்களிடம் வசூலித்துவந்த வட்டி ஆண்டுக்கு 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. பங்கு விற்பனையில் தொடக்க கால முதலீட்டாளர்கள் பெரும் பணம் பார்த்தார்கள். யூனுஸே அதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆந்திரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்துக்குப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. தவணை கட்ட முடியாதவர்கள் அவமானப்படுத்தப்பட்டதாகவும் தற்கொலைகள் நிகழ்ந்ததாகவும் செய்திகள் வந்தபின், மாநில அரசு 2010 அக்டோபரில் வசூலைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் அங்கே கடன் திரும்பி வருவதே ஏறக்குறைய நின்றுபோயிற்று. வளர்ச்சி வேகத்தை வைத்து மதிப்பிடப்படும் நிறுவனத்தில், களத்தில் நிற்கும் வசூல் ஊழியருக்கு வரும் நெருக்கடி எப்படியிருக்கும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றை வைத்து நுண்கடனே மோசடி என்று முடிவு கட்டுவதும் பிழை. போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய 6 நாடுகளில், கடன் வசதி பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டு நடந்த கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகள் 2015-இல் ஒன்றாக வெளிவந்தன. சுருக்கமாகச் சொன்னால், கடன் கிடைத்ததால் சிலர் தொழிலை விரித்தார்கள், செலவைச் சமாளிக்கும் வசதி பலருக்குக் கூடியது. ஆனால் சராசரிக் குடும்பத்தின் வருமானம் குறிப்பிடத்தக்க அளவுக்கு உயரவில்லை. ஆக, அது பயனுள்ள ஒரு நிதிச் சேவை. வறுமையை ஒழிக்கும் கருவி என்ற சுமையை அதன்மேல் ஏற்றியவர்கள் நாம்.

மிக ஏழைகளுக்குக் கடன் முதல் படியாகவே இருக்க முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொண்டு செயல்பட்டதும் வங்காளதேசத்து அமைப்புதான். ஃபஸ்லே ஹசன் ஆபெத் 1972-இல் தொடங்கிய பிராக், தானே பெரிய அளவில் நுண்கடன் வழங்கிவந்தபோதும், அந்தக் கடனுக்குள் வர முடியாத குடும்பங்களுக்காக 2002-இல் தனித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. முதலில் ஓர் ஆடோ மாடோ போன்ற ஒரு சொத்து கொடையாகக் கொடுக்கப்படும். அது பலன் தரும் வரை சாப்பாட்டுக்குச் சிறு உதவித்தொகை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குக் களப்பணியாளர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பார், சேமிக்கப் பழக்குவார். இதே முறையை வங்காளதேசத்துக்கு வெளியே 6 நாடுகளில் செய்து பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்த பிறகும் அக்குடும்பங்களின் நுகர்வும் சொத்தும் உயர்ந்தே இருந்தன. எங்கே கொடை, எங்கே கடன், எங்கே வணிகம் என்று வரிசை அறிந்து செயல்படுவதுதான் இந்தத் துறையில் தேர்ச்சி. ஆரோங் என்ற கைவினைப் பொருள் விற்பனைத் தொழிலை 1978 முதல் நடத்தி அதன் உபரியை மற்றப் பணிகளுக்குத் திருப்பிவரும் பிராக் இந்த வரிசையை நன்றாகவே அறிந்திருக்கிறது.

கேள்வி: சூழலுக்குக் கேடில்லாத ஒரு கருவியை வடிவமைத்து, மின்சாரமும் நீரும் சரியாகக் கிடைக்காத ஊர்களுக்குக் கொண்டுசெல்ல விரும்புகிறேன். எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்? – இளம் பொறியாளர்

பதில்: கருவி கெட்டுப்போன மறுநாள் என்ன நடக்கும் என்பதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்குங்கள்.

தென்னாப்பிரிக்காவில் பிளேபம்ப் என்றொரு ஏற்பாடு இருந்தது. குழந்தைகள் ராட்டினத்தில் சுற்றி விளையாடுவார்கள். அந்தச் சுழற்சியில் நிலத்தடி நீர் மேலே ஏறித் தொட்டியில் நிரம்பும். தொட்டியின் பக்கங்களில் விளம்பரம் எழுதிக் கிடைக்கும் பணத்தில் பராமரிப்பு நடக்கும். கேட்டவர்கள் எல்லோரும் மயங்கினார்கள். 2006-இல் அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலர் நிதி உறுதியளிக்கப்பட்டது. பிறகு ஒரு பத்திரிகை கணக்குப் போட்டுப் பார்த்தது: ஒரு பம்பு இத்தனை பேருக்கு நீர் தரும் என்று சொல்லப்பட்ட இலக்கை எட்ட வேண்டுமானால் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும்! குழந்தைகள் பள்ளிக்குப் போயிருந்த நேரங்களில் பெண்கள் அந்தக் கனத்த சக்கரத்தைக் குனிந்து கையால் சுற்றினார்கள். விளம்பரம் வாங்க அந்தச் சிற்றூர்களுக்கு எந்த வணிகர் வருவார்? பழுது பார்க்கத் தெரிந்தவர் ஊரில் இல்லை. அதைவிடக் கொடுமை, பல இடங்களில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பழைய கைப்பம்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை நிறுவியிருந்தார்கள்.

தொழிலின் அமைப்பைச் சரியாகப் போட்டவர்களும் உண்டு. கென்யாவில் 2011-இல் தொடங்கப்பட்ட எம்-கோபா, சூரிய விளக்குகளை முழு விலைக்கு விற்காமல், சிறு முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியை நாள்தோறும் கைபேசிப் பணமாகக் கட்டச் செய்தது. மண்ணெண்ணெய்க்கு அன்றாடம் செலவழித்த தொகையையே தவணையாகக் கட்டி, ஒரு கட்டத்தில் குடும்பம் விளக்குக்குச் சொந்தக்காரராகிவிடும். தவணை நின்றால் தொலைவிலிருந்தே கருவி அணைக்கப்படும். ஏழைக்குச் சேமிப்பு இல்லாவிட்டாலும் அன்றாடச் செலவு இருக்கிறது என்ற கண்டுபிடிப்பு இதில் பெரிது. வேலை கிடைக்காத வாரத்தில் வீடு இருண்டு போகும் என்பதும் இதே அமைப்பின் மறுபக்கம். இப்படிப்பட்ட நாள்களுக்கு எத்தனை நாள் பொறுப்பது என்ற விதியை உங்கள் பொறியியல் குழு எழுதக்கூடாது. அந்த ஊர்க்காரர்கள் இருக்கும் குழு எழுத வேண்டும்.

நீடித்த வளர்ச்சி என்ற பெயரில் பேசும்போது இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். விற்ற ஒவ்வொரு மின்கலமும் சில ஆண்டுகளில் கழிவாகத் திரும்பி வரும். அதை யார் பொறுக்குவார்கள்? உலகின் பெரும்பாலான நகரங்களில் மறுசுழற்சி என்பது குப்பை பொறுக்கும் ஏழைகளின் உழைப்பில்தான் நடக்கிறது. புனே நகரில் 1993-இல் சங்கமாகத் திரண்ட குப்பை சேகரிப்பாளர்கள், 2008 முதல் ஸ்வச் என்ற கூட்டுறவை மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு நடத்திவருகிறார்கள். வீடு வீடாகச் சென்று ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் தனித்தனியாக வாங்குவார்கள். வீட்டுக்காரர் தரும் மாதக் கட்டணம் ஒரு வருமானம், தாளும் உலோகமும் நெகிழியும் விற்றுக் கிடைப்பது இன்னொரு வருமானம். பல அடுக்கு நெகிழி உறைகளுக்குப் பழைய பொருள் சந்தையில் விலையே கிடையாது. பிரித்தெடுக்கும் உழைப்புக்கும் கூலி கிடையாது. அந்த உறையை வடிவமைத்த பொறியாளர் ஒரு நாள் அவர்களோடு குப்பை பிரிக்க உட்கார்ந்திருந்தால் அப்படியொரு உறையை வடிவமைத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். நீங்கள் அப்படி உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு உண்டு. வயது இருபதைக் கடந்துவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்குப் பரிதாபத்தால் கிடைக்கும் வேலை தவிர, மதிப்பான வேலை கிடைக்க இந்த நிறுவனங்களால் முடியுமா? – ஒரு தாய்

பதில்: முடியும் அம்மா, சட்டத்தின் துணையோடு முடிந்திருக்கிறது. இத்தாலியில் ஃபிராங்கோ பசாலியா என்ற மனநல மருத்துவரின் முயற்சியால் 1978-இல் மனநல விடுதிகளை மூடும் சட்டம் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, விடுதியிலிருந்து வெளியே வருபவர்களுக்கு வேலை வேண்டுமே என்பதால், அதுவரை விடுதியையே கூலியின்றித் துடைத்துப் பெருக்கியவர்கள், ட்ரியஸ்தே நகரில் கூட்டுறவாகச் சேர்ந்து அதே வேலையை ஊதியத்துக்குச் செய்யத் தொடங்கினார்கள். இப்படிப் பல ஊர்களில் தோன்றியவற்றுக்கு 1991-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதன்படி ஒரு வகைச் சமூகக் கூட்டுறவில் பணியாளர்களில் குறைந்தது 30 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள், மனநலச் சிகிச்சை பெற்றவர்கள், போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்கள் போன்றவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்காகக் கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புத் தொகையிலிருந்து நிறுவனத்துக்கு விலக்கு உண்டு.

மீதி 70 விழுக்காட்டினர் வரை பொதுவான தொழிலாளர்களாக இருக்கலாம் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தோட்டப் பராமரிப்போ அச்சு வேலையோ உணவகமோ, எதுவானாலும் தரத்தில் போட்டி போட முடிகிறது. உங்கள் மகனைப் போன்றவர் தனி அறையில் ஒதுக்கப்படாமல் ஒரே பட்டறையில் மற்றவரோடு வேலை பார்க்கிறார். உங்கள் பகுதியில் இப்படியொரு நிறுவனத்தை அணுக நேர்ந்தால், கைவினைப் பொருள்கள் வைத்திருக்கும் காட்சி அலமாரியைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஊதியப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். "பயிற்சி" என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் ஊக்கத்தொகை மட்டும் கொடுக்கும் இடம் என்றால் விலகிவிடுங்கள்.

கேள்வி: நிதி தருபவர்கள் "தாக்கம் என்ன?" என்று படிவம் படிவமாகக் கேட்கிறார்கள். நாங்களும் எண்ணிக்கைகளை எழுதி அனுப்புகிறோம். இதனால் உண்மை தெரிகிறதா? – அறக்கட்டளை ஒன்றின் கணக்காளர்

பதில்: நேர்மையான கேள்விக்கு நன்றி. பெரும்பாலும் தெரிவதில்லை. இத்தனை பேருக்குப் பயிற்சி, இத்தனை கருவி விநியோகம் என்பவை நிறுவனம் என்ன செய்தது என்பதைச் சொல்கின்றன. அந்த நிறுவனம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்வதில்லை.

டாம்ஸ் என்ற அமெரிக்கக் காலணி நிறுவனம் 2006 முதல், விற்கும் ஒவ்வொரு சோடிக்கும் ஒரு சோடியை ஏழைக் குழந்தைக்குக் கொடுத்துவந்தது. எத்தனை சோடி கொடுத்தோம் என்ற எண்ணிக்கை மிகப் பெரியது. பிறகு அந்நிறுவனமே வெளி ஆய்வாளர்களை அழைத்து எல் சால்வடோரில் ஆராயச் சொன்னது. குழந்தைகள் காலணியை விரும்பி அணிந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோரிடம் ஏற்கெனவே காலணி இருந்ததால், உடல்நலத்திலோ பள்ளி வருகையிலோ சொல்லத்தக்க மாற்றம் தென்படவில்லை. நம் குடும்பத் தேவையை வெளியார்தான் கவனிக்க வேண்டும் என்று எண்ணிய குழந்தைகளின் விகிதம் சற்றுக் கூடியிருந்தது. தனக்குச் சாதகமில்லாத முடிவை வெளியிட இசைந்ததும், பின்னாளில் கொடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டதும் அந்நிறுவனத்துக்குப் பெருமை சேர்ப்பவை.

சிறிய அமைப்பு இப்படிப்பட்ட ஆய்வுக்குச் செலவழிக்க முடியாது, செலவழிக்கவும் வேண்டாம். பயனாளிகளில் இருபது முப்பது பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஓராண்டு இடைவெளியில் ஒரே கேள்விகளை இருமுறை கேளுங்கள். பாதியில் விலகியவர்களையும் தேடிப்போய்க் கேளுங்கள். படிவத்தில் இதற்கு இடம் இல்லையென்றால் இணைப்பாக வையுங்கள். நல்ல நிதியாளர் அதைத்தான் முதலில் படிப்பார்.

கேள்வி: கல்வி, மருத்துவம், குடிநீர் எல்லாம் அரசின் கடமை. இந்த நிறுவனங்களைப் புகழ்வது அரசு கைகழுவிக்கொள்ள வழி செய்யாதா? – தொழிற்சங்க ஊழியர்

பதில்: அந்த அபாயம் உண்மையானது. 2015-இல் ஐக்கிய நாடுகள் ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கு ஒப்புதல் தந்தவை அரசுகள். 2030-க்குள் அவற்றை எட்டாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவையும் அவைதான். 2023 ஏப்ரலில் ஐ.நா. பொதுச்சபை, கூட்டுறவு, சமூகத் தொழில் நிறுவனம் போன்ற சமூகப் பொருளாதார அமைப்புகளை ஊக்குவிக்கத் தீர்மானம் நிறைவேற்றியபோதும், தகுந்த சட்டம், நிதி, கொள்முதல் வழியே ஆதரிக்குமாறு அரசுகளைத்தான் கேட்டுக்கொண்டது. மேலே சொன்னவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்: இத்தாலியக் கூட்டுறவுகளுக்குச் சட்டம் துணை, புனேயில் மாநகராட்சி ஒப்பந்தம் துணை. அரசு விலகிக்கொண்ட இடத்தில் இவை தழைத்ததில்லை. ஒரு நிறுவனம் புதிய முறையைக் கண்டுபிடித்து, அதை அரசு தன் பெரிய அமைப்புக்குள் எடுத்துக்கொள்ளுமானால் அது வெற்றி. வரி கட்டும் குடிமக்கள் குடிநீருக்கு இரண்டாம் முறை காசு கொடுக்க நேருமானால் உங்கள் சங்கம் போராட வேண்டியதுதான்.

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து இப்படியொரு நிறுவனத்தைத் தொடங்கியிருக்கிறோம். முதலீட்டாளர் ஒருவர் வருகிறார். நோக்கம் பாழாகாமல் காப்பது எப்படி? – நிறுவனர் ஒருவர்

பதில்: நட்பை நம்பாதீர்கள், நல்லெண்ணத்தையும் நம்பாதீர்கள், எழுத்தில் வையுங்கள். பிரிட்டனில் 2005 முதல் சமூக நலன் நிறுவனம் என்ற சட்ட வடிவம் இருக்கிறது. அதன் சொத்தைப் பொதுநோக்கத்துக்கு வெளியே யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. நிறுவனத்தை மூடினாலும் மீதிச் சொத்து அதைப் போன்ற இன்னோர் அமைப்புக்கே போய்ச் சேரும். பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஈவுத்தொகை, பகிரத்தக்க லாபத்தில் 35 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. யூனுஸ் முன்வைக்கும் முறை இன்னும் கடுமையானது: முதலீட்டாளர் போட்ட பணத்தை மட்டும் திரும்பப் பெறலாம், அதற்குமேல் ஈவுத்தொகையே கிடையாது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இதற்கு நிகரான வடிவம் எது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த வடிவம் எதுவாயினும், முதலீட்டாளரோடு கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள்: விலையை உயர்த்தும் அதிகாரம் யாருக்கு, எத்தனை ஆண்டுக்குள் அவர் பணத்தோடு வெளியேற எதிர்பார்க்கிறார், நிறுவனத்தை விற்க எத்தனை பேர் ஒப்புதல் வேண்டும், இயக்குநர் குழுவில் பயனாளிகள் சார்பில் வாக்குரிமையோடு யார் இருக்கிறார்கள். ஐந்து ஆண்டில் பல மடங்கு வேண்டும் என்பவர் நல்லவராகவே இருந்தாலும் உங்களுக்கு ஏற்றவர் அல்லர். நான்காவது இடம் ஒப்பந்தத்தில் வெற்றாக இருந்தால், பணம் வாங்குவதற்கு முன் அதை நிரப்பிவிடுங்கள். வாங்கிய பிறகு அதைக் கேட்கும் வலிமை உங்களிடம் இருக்காது.